ஈறு நிறத் துகள்

அவளுக்குக் குண்டூசி என்று பெயர் வைத்தது பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள். ஆள் அவ்வளவு சின்னது, பேச்சு அவ்வளவு கூர்மை. நாற்பதைத் தாண்டியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. வேலை செய்யும் இடத்தில் நேராகவே கூப்பிட்டார்கள், புகுந்த வீட்டில் முதுகுக்குப் பின்னால்.

பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. மெழுகில் பல் அடுக்குவாள். ஈறு நிற அக்ரிலிக்கை ராவி, சுழலும் துணிச் சக்கரத்தில் ஈரமான பியூமிஸ் என்ற கல்பொடியைப் போட்டு மெருகேற்றுவாள். எதிரே நின்று யாராவது சிரித்தால் அவள் சிரிப்பைப் பார்க்கமாட்டாள், பல்லைப் பார்ப்பாள். மேல்வரிசையில் ஓரப் பல் ஒரு நூல் இறங்கியிருந்தால் அன்று முழுக்க அது அவளை அரித்துக்கொண்டே இருக்கும்.

கணவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். வண்டியில்தான் ஹாரன் அடிப்பார். வீட்டில் அவர் சத்தமே கேட்காது. யாராவது சண்டைக்கு ஆரம்பித்தால் சட்டையை மாட்டிக்கொண்டு, தீராத பாலை வாங்கிவரக் கிளம்பிவிடுவார். அவருடைய தம்பி இதற்கு நேர்மாறு. ஏசி பழுது பார்ப்பது தொழில், தன்னைப் பற்றிப் பேசுவது பொழுதுபோக்கு. தனக்குத்தானே சாம்பியன் என்று பெயர் வைத்துக்கொண்டு, மற்றவர்களையும் அப்படியே கூப்பிட வைத்துவிட்டான்.

பாக்கெட் பைக் ஓட்டும் பழக்கத்தைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தவன் அவன்தான். முழங்கால் உயரம்தான் இருக்கும் அந்த வண்டி. பெரிய பந்தய பைக்கை வெந்நீரில் துவைத்துச் சுருங்க வைத்த மாதிரி, எல்லாம் அதில் உண்டு. பெட்ரோலில் எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டிய டூ-ஸ்ட்ரோக் என்ஜின். கயிற்றை இழுத்தால் கொசு கோபித்துக்கொண்டது போலக் கத்திக்கொண்டு கிளம்பும். மொத்த விற்பனைச் சந்தையின் வண்டி நிறுத்துமிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும். டயர்க்கடைக்காரர் தம் கடையின் பழைய டயர்களைக் கொண்டுவந்து வளைவு வளைவாக அடுக்குவார். பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஆண்கள் அந்த வண்டியில் உட்கார்ந்தால் முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சர்க்கஸ் கரடி சைக்கிள் ஓட்டுவது போல இருக்கும்.

ஒருநாள் விளையாட்டாக அண்ணியை ஏற்றிவிட்டான் சாம்பியன். அவன் செய்த முதல் தப்பு அது. அவள் உடம்புக்கு அந்த வண்டி தைத்த சட்டை போலப் பொருந்தியது. சில மாதங்களில் அவளே பழைய வண்டி ஒன்றை வாங்கினாள். அப்புறம் கொழுந்தனை வளைவுக்கு வளைவு ஓரங்கட்டினாள். அவன் முதலில், "அண்ணிக்கு வெயிட் கம்மிங்க, அதான்" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற கோப்பைப் போட்டி நெருங்க நெருங்க அவன் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வருவதும் குறைந்தது.

போட்டிக்கு முந்தைய ஞாயிறு அது நடந்தது. கடைசி வளைவில் முழங்கால் தரையை உரசுகிற அளவுக்குச் சாய்ந்திருந்தாள். என்ஜின் சட்டென்று இறுகிப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் ஒரு கணம் இழுபட்டது. அந்தச் சாய்வில் அது போதும். தோள் தரையில் மோதிய சத்தம் எதிர்ப்பக்கம் நின்ற டயர்க்கடைக்காரருக்கே கேட்டதாம். காறை எலும்பு முறிந்தது.

அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோன நேரத்தில், அவளுடைய வண்டியைப் 'பத்திரமாக' ஓரங்கட்டியவன் சாம்பியன். டேங்கைத் திறந்து பெட்ரோலைக் கீழே கொட்டி, முகர்ந்து பார்த்து, கூடியிருந்தவர்களிடம் தலையை ஆட்டிச் சொன்னானாம்: "எண்ணெய் வாசனையே இல்லீங்க. அண்ணி வெறும் பெட்ரோலை ஊத்திட்டாங்க. என்ஜின் என்ன செய்யும், பாவம்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து குண்டூசி போய் 'எண்ணெய் அண்ணி' வந்தது. கட்டுப் போட்ட தோளோடு கட்டிலில் கிடந்தவளைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஆப்பிளோடு அந்தக் கேலியையும் கொண்டுவந்தார்கள். "என்ன, தலைக்காவது எண்ணெய் வச்சியா, அதுவும் மறந்துட்டியா?" கணவர்கூட ஒருநாள் பஸ் கிளம்பத் தாமதமானதைச் சொல்லும்போது, "உன்னை மாதிரி எவனோ எண்ணெய் பாக்காம விட்டுட்டான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் வேறு ஒன்று கூடவில்லை. எண்ணெய் கலந்தது அவளுக்கு நினைவில் இருந்தது. அளவுக் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தது, கேனை மூடிக் குலுக்கியது, பெட்ரோல் பச்சையாக மாறியது, எல்லாம். ஆனால் அது அந்த ஞாயிறா, முந்தைய ஞாயிறா? எல்லோரும் ஒரே குரலில் சொல்லும்போது தன் நினைவின் மீதே அவளுக்குச் சந்தேகம் வந்தது. வேலைக்குத் திரும்பிய பிறகு, செய்து முடித்த பல் செட்டை மூடி வைத்துவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்தாள். இருபது வருஷமாகக் கையை நம்பிப் பிழைத்தவள் தன் கையையே சந்தேகப்பட்டால், அது எலும்பு முறிவதைவிடப் பெரிய முறிவு.

வண்டி பின்கட்டு பால்கனியில் பழைய படுக்கை விரிப்பின் கீழ் கிடந்தது. ஒரு விடுமுறை நாள் காலையில் விரிப்பை உருவினாள். சரி செய்கிற எண்ணம்கூட அப்போது இல்லை. தப்புத் தன்னுடையதுதானா என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

உடைந்த ஃபைபர் உறையைக் கழற்றினாள். இழுகயிற்றுப் பெட்டியை எடுத்தாள். தலைப்பாகத்து போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு சிலிண்டரைத் தூக்கினால் வரவில்லை. துருவை இளக்கும் எண்ணெயை விட்டு ஊறப்போட்டாள். மறுநாள் மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டித் தட்டி அசைத்து எடுத்தாள். பிஸ்டன் வெளியே வந்தது.

எண்ணெய் இல்லாமல் ஓடிய பிஸ்டன் எப்படி இருக்கும் என்று அவள் கேட்டிருக்கிறாள், மற்றவர்களுடையதைப் பார்த்தும் இருக்கிறாள். சூட்டில் உருகி, புகை வெளியேறும் பக்கம் இழுத்து அப்பிய மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. சுற்றிலும் மங்கலாக, உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போல நரைத்திருந்தது. அதுவும் காற்று நுழையும் பக்கம்தான் தேய்வு அதிகம். சிலிண்டர் உள்சுவரில் மேலிருந்து கீழே பொடிப்பொடிக் கீறல்கள். அடிப்பெட்டியின் இரண்டு பாதிகளையும் பிரித்தாள். உள்ளே, பேரிங்கைச் சுற்றி, சாம்பல் நிறச் சேறு. விரலில் தொட்டுத் தேய்த்தாள். நறநறவென்றது. சேறு பச்சை பாரித்திருந்தது. எண்ணெயின் நிறம்.

'எண்ணெய் இருந்திருக்கு.'

காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தாள். ஸ்பாஞ்சைத் தூக்கினாள். பெட்டியின் மூலையில், பெட்ரோல் படாத இடத்தில், உலர்ந்த பொடி ஒரு சிட்டிகை ஒதுங்கியிருந்தது. ஸ்பாஞ்சுக்கு உள்பக்கம். தெருப் புழுதி அந்தப் பக்கம் போக வழியே கிடையாது. யாராவது திறந்து போட்டால்தான் உண்டு. பொடியை வெள்ளைத் தாளில் தட்டி வெயிலில் பிடித்தாள். சாம்பல் நிறத்துக்கு நடுவே, கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும், இளஞ்சிவப்புத் துகள்கள்.

ஈறு நிறம். உலகத்தில் அவளுக்கு அதைவிட நன்றாகத் தெரிந்த நிறம் வேறில்லை.

அவள் பட்டறையில் மெருகேற்றும் தொட்டியில் மீந்த பியூமிஸ் பொடி அது. பல் செட்டிலிருந்து உதிர்ந்த அக்ரிலிக் தூள் கலந்துதான் அந்தச் சிவப்பு. தூக்கிப் போடுகிற பொடிதானே என்று காயவைத்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். கை கழுவும் தொட்டிக் கறையெல்லாம் அதில் ஒரே தேய்ப்பில் போகும். தன் வீட்டில் ஒரு டப்பா இருந்தது. இன்னொரு டப்பாவைத் தன் ஓரகத்திக்கு, அதாவது சாம்பியன் மனைவிக்கு, அவளே கொடுத்திருந்தாள்.

முதலில் வந்தது கோபம்கூட இல்லை, நிம்மதி. 'நான் மறக்கல. என் கை மறக்கல.' அதன் பின்னாலேயே மற்றது வந்தது. எலும்பை முறித்தான், சரி. வண்டியைக் கெடுத்தான், சரி. ஆனால் கட்டுப் போட்டுக் கிடந்தவளை அவள் வாயாலேயே 'ஒருவேளை நான்தான் மறந்துட்டேனோ' என்று சொல்ல வைத்தானே. ஆரஞ்சுப் பழச்சாறு வாங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "பரவால்ல அண்ணி, மனுஷங்கதானே" என்றானே.

கணவர் வந்ததும் தாளை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

"அவனா? ச்சே. வாய்தான் பெருசு அவனுக்கு. இப்படியெல்லாம் செய்ய மாட்டான்."

"பின்ன, பொடி கால் முளைச்சு வந்துச்சா?"

"நம்ம வீட்லயும்தான் அந்தப் பொடி இருக்கு. உன் கை, உன் துணி, உன் பை எல்லாத்துலயும் அதுதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. வடிகட்டியைக் கழுவி மாட்டும்போது நீயே தெரியாம..."

அவர் முடிக்கவில்லை. அவள் பார்த்த பார்வையில் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போய்விட்டார்.

அந்த வார இறுதியில் ஓரகத்தி துவைத்த திரைச்சீலையைத் திருப்பித் தர வந்தாள். குண்டூசி காய் நறுக்கியபடி, தலையைத் தூக்காமல் கேட்டாள்: "நான் குடுத்த பொடி இன்னும் இருக்கா? தீந்துடுச்சுன்னா சொல்லு, கொண்டாரேன்."

"அதை ஏன்க்கா கேக்கறீங்க. பாதி டப்பாகூடத் தீரல. ஏதோ தேய்க்கணும்னு இவர் எடுத்துட்டுப் போனாரு. நீங்க விழுந்தீங்களே, அதுக்கு முந்தின நாளோ என்னமோ. இன்னும் டப்பா திரும்பி வரல. எதை எடுத்தாலும் அப்படித்தான் இந்த மனுஷன்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. குண்டூசி காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள். அன்றைக்குக் காய் ரொம்பப் பொடியாக நறுக்கப்பட்டிருந்தது.

அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும்? அவன் கையை விரிப்பான், கணவர் பால் வாங்கப் போவார், 'எண்ணெய் அண்ணி பொடி அண்ணி ஆயிட்டாங்க' என்று ஊர் சிரிக்கும். வண்டியை உயிர்ப்பிக்க வேண்டும். அவன் கண் முன்னால், அவன் கூட்டத்துக்கு முன்னால், அவனை மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும். அதற்கு, அவன் வண்டிக்கும் அதே பொடி. இதுதான் கணக்கு.

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கொஞ்ச நேரம், சாயங்காலம் வெளிச்சம் இருக்கும் வரை கொஞ்ச நேரம். பால்கனியில் பழைய மேசையைப் போட்டுக்கொண்டாள். கழற்றிய திருகுகளை ஐஸ் கட்டி அச்சுத் தட்டில் குழிக்கு ஒன்றாகப் போட்டு வைத்தாள். அடிப்பெட்டியை மண்ணெண்ணெயில் கழுவினாள். கழுவின மண்ணெண்ணெயை மெல்லிய துணியில் வடிகட்டி, துணியில் சிவப்புத் துகள் தெரியாமல் போகிற வரை மறுபடி மறுபடி கழுவினாள். துகள் ஒவ்வொன்றும் கண்ணில் பட்டபோது அவன் முகம் வந்தது; அது நல்லதாகப் போயிற்று, கை சலிக்கவில்லை. பழைய பேரிங்குகளைத் தட்டி வெளியேற்றும்போது அடிக்க வேண்டியதைவிட ஓங்கி ஓர் அடி கூடுதலாக விழுந்தது.

புது பேரிங்கைக் குளிர்பெட்டியில், பட்டாணிப் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அடிப்பெட்டியின் பாதியைக் கேக் அடுப்பில் வைத்துச் சூடேற்றினாள். சூட்டில் உலோகம் விரியும், குளிரில் பேரிங் சுருங்கும், அடிக்காமலே உட்கார்ந்துவிடும். கணவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"வாசனை ஒரு மாதிரி இருக்கே. என்ன வேகுது?"

"என்ஜின்."

"ஓ," என்றார் அவர். "எனக்குக் கொஞ்சமா போதும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவர்மீதும் அவளுக்குக் கோபம் பாக்கி இருந்தது.

கையுறையைப் போட்டுக்கொண்டு சூடான பெட்டியை வெளியே எடுத்து, பேரிங்கை அதன் வாயில் வைத்தாள். 'டொக்' என்று தானாக உட்கார்ந்தது. புது எண்ணெய்த் தடுப்பு வளையங்கள், புது பிஸ்டன், புது சிலிண்டர். சிலிண்டருக்குள் காற்றும் புகையும் போய்வரும் துளைகளின் ஓரம் வார்ப்பில் கரடுமுரடாக இருந்தது. பல் செட் ராவுகிற குட்டி அரங்களால் அதைச் சீவி, ஈறு ஓரத்தை வழிப்பது போல வழித்துவிட்டாள். கிளட்சின் தொய்ந்துபோன சுருள்வில்களை மாற்றினாள். கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, துளை வழியே எதிர்வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்தாள். உடைந்த உறையை ஃபைபர் துணி ஒட்டிச் சேர்த்து, தேய்த்து, கருநீலம் அடித்தாள்.

முதல் தடவை கயிற்றை இழுத்தபோது ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை, ஒரு தும்மல். அடுத்ததில் பால்கனி முழுக்க நீலப்புகையும் கத்தலும். கீழ்வீட்டுக்காரர் வெளியே வந்து, "வீடா, வொர்க்‌ஷாப்பா?" என்று கத்தினார். அவள் குனிந்து, "கொஞ்சம் பொறுத்துக்கோங்க சார், பிரசவம் நடக்குது" என்றாள். எத்தனையோ மாதம் கழித்து வாய்விட்டுப் பேசிய முதல் கேலி அது.

புது என்ஜினை ஆரம்பத்தில் முறுக்கக் கூடாது. ஞாயிறு தோறும் எல்லோரும் வருவதற்கு முன்னால் போய் மெதுவாக ஓட்டிப் பழக்கினாள். ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்றி நுனி நிறத்தைப் பார்த்தாள். என்ஜின் சரியாக எரிகிறது என்று காட்டும் சாக்லேட் நிறம் வந்ததும்தான் அடுத்த வருஷத்துக் கோப்பைப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். "எண்ணெய் அண்ணி திரும்ப வந்துட்டாங்கடோய்!" என்று சாம்பியன் கைதட்டி வரவேற்றான். "இந்தத் தடவை ஊத்திட்டீங்களா?"

"ஊத்திட்டேன் தம்பி," என்றாள் சிரித்த முகமாக.

போட்டி நாள் காலையில் அவள் மேல்சட்டைப் பையில் ஒரு பொட்டலம் இருந்தது. உலர்ந்த பியூமிஸ், மடித்துச் சுருட்டியது. வாய்ப்புக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. அது தானாகவே வந்தது. சாம்பியனின் வண்டி அன்றைக்குப் பார்த்து மக்கர் பண்ணியது. முறுக்கினால் திக்கியது, விட்டால் அணைந்தது. கயிற்றை இழுத்து இழுத்து அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. டயர்க்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"குடுங்க தம்பி, நான் பாக்கறேன்," என்றாள் குண்டூசி.

அவன் முகத்தில் ஏதோ ஒன்று ஓடி மறைந்தது. "வேணாம் அண்ணி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"குடுய்யா," என்றார் டயர்க்கடைக்காரர். "செத்த என்ஜினையே எழுப்பி உக்கார வச்சவங்க. உனக்கு வலிக்குதா?"

சுற்றி நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் சொல்ல வேண்டும். அவனிடம் சொல்லக்கூடிய காரணம் இல்லை. அவள் வண்டியைத் தன் கருவிப் பெட்டி இருந்த டயர் குவியலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள்.

ஜெட்டில் ஒரு தூசி. ஊதினால் போகிற விஷயம். ஊதினாள், போயிற்று. கார்புரேட்டரை மாட்டினாள். காற்று வடிகட்டிப் பெட்டி இன்னும் திறந்தே இருந்தது. பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். பக்கத்தில் யாருமில்லை. ஒரு தட்டு தட்டினால் போதும். அவன் விழுவான். எலும்பு முறியலாம். முறியட்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

விரல் நுனியில் பொடியைத் தொட்டபடி அவள் நின்றாள். இரக்கம் எதுவும் வரவில்லை. அவளுக்கு உறுத்தியது வேறு. என்ஜின் நின்று அவன் தோற்றால், 'வண்டி கெட்டுப் போச்சு, இல்லேன்னா...' என்று சாகும்வரை சொல்லிக்கொண்டு திரிவான். ஊரும் உச்சுக் கொட்டும். அந்தச் சுகத்தை அவனுக்குக் கொடுப்பதா? கூடாது. இவன் வண்டி குதிரை மாதிரி ஓட வேண்டும். ஓடியும் இவன் தோற்க வேண்டும். சொல்லிக்கொள்ள ஒரு காரணம்கூட மிஞ்சக் கூடாது.

பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். வடிகட்டியை உதறி, ஒழுங்காகப் பொருத்தி, மூடினாள். கயிற்றை ஓர் இழு. வண்டி கணீரென்று பாடியது.

தள்ளிக்கொண்டு வந்து கொடுக்கும்போதுதான் அவன் அவள் கையைப் பார்த்தான். ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் சாம்பல் நிறப் பொடி அப்பியிருந்தது. அவள் துடைக்க மறந்திருந்தாள். அவன் கண் விரலிலிருந்து அவள் முகத்துக்கு ஏறியது. மறுபடி விரலுக்கு இறங்கியது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவன் பார்த்ததை அவள் பார்த்தாள். இதை அவள் திட்டம் போட்டிருக்கவில்லை. ஆனால் கையில் வந்து விழுந்ததை விட்டுவிடுகிற ஆளும் இல்லை. விரல்களைச் சாவதானமாகச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"பூ மாதிரி இருக்கு தம்பி. பயப்படாம முறுக்குங்க. முக்கியமா அந்தக் கடைசி வளைவுல."

"அண்ணி..."

"எல்லாரும் கோட்டுக்கு வாங்க!" என்று கத்தினார் டயர்க்கடைக்காரர்.

கொடி இறங்கியது. குண்டூசி முதல் வளைவிலேயே முன்னால் போய்விட்டாள். பின்னால் அவன் என்ஜின் சத்தம் அவளுக்குக் கேட்டது. ஏறும், திடீரென்று இறங்கும். அவன் முறுக்கிவிட்டுப் பயந்து விடுகிறான். நல்ல என்ஜினின் ஒவ்வொரு சத்தத்திலும் கெட்ட என்ஜினைத் தேடிக்கொண்டு வருகிறான். வளைவு வந்தாலே கால்நடையாகப் போகிற வேகத்துக்கு இறங்கினான். அவனைப் புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள்கூடத் தாண்டிப் போனார்கள். கடைசி வளைவுக்கு முன்னால் அவன் வண்டியைத் திருப்பி ஓரமாக நிறுத்திவிட்டான். குதித்து இறங்கி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், காற்று வடிகட்டிப் பெட்டியைப் பிய்த்தான்.

அண்ணன்காரர் வேலியோரம் நின்றிருந்தார். பதறி ஓடினார். "என்னடா ஆச்சு?"

"போட்டுட்டாங்க! பொடியைப் போட்டுட்டாங்க! எங்க போட்டாங்கன்னு தெரியல!" ஸ்பாஞ்சைத் தூக்கிப் பிழிந்து, உதறி, பெட்டிக்குள் விரலை விட்டு வழித்துக்கொண்டிருந்தான்.

டயர்க்கடைக்காரரும் வந்து சேர்ந்தார். "எந்தப் பொடி?"

"அதான், அந்தப் பல்லு தேய்க்கிற..." என்று ஆரம்பித்தவன் நிமிர்ந்தான். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான்.

"அதைக் காத்துப் பெட்டிக்குள்ள போடலாம்னு உனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டார் அண்ணன். சத்தம் போடாத மனிதர், சத்தம் போடாமல்தான் கேட்டார்.

குண்டூசி வண்டியை நிறுத்தவில்லை. கடைசிச் சுற்று வரை ஓட்டி, கோட்டைத் தாண்டி, திரும்பி, அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தில் வந்து என்ஜினை அணைத்தாள். கணவர் அவளைப் பார்த்தார். 'நீயே தெரியாம' என்று சொன்ன மனிதருக்கு இப்போது பால் வாங்கக் கிளம்பவும் வழியில்லை. அந்த முகத்தை அவள் ஆற அமரப் பார்த்தாள். கோப்பையைவிட அது அவளுக்கு இனித்தது.

"விளையாட்டுக்குத்தான் அண்ணி செஞ்சேன்," என்றான் சாம்பியன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் அழுகையாக வந்தது. "வண்டி நின்னுடும்னுதான் நெனச்சேன். நீங்க விழுவீங்கன்னு சத்தியமா நெனைக்கல."

"ஆரஞ்சு ஜூஸும் விளையாட்டுக்குத்தானா?" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு நடந்தவை வீட்டோடு சம்பந்தப்பட்டவை. ஓரகத்தி ஒரு வாரம் தன் அம்மா வீட்டில் போய் இருந்தாள். உறவுக்காரர்கள் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். ஆப்பிள் கொண்டுவந்த அதே ஆட்கள். மன்னிச்சு விட்டுடு, புருஷன்கூடப் பிறந்தவன்தானே என்றார்கள். அவள் எல்லோருக்கும் காபி கொடுத்தாள், மன்னிப்பு மட்டும் கொடுக்கவில்லை. சாம்பியன் வாசல்வரை வந்து நின்றான். "வண்டில ஏதாவது போட்டீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க அண்ணி," என்று கெஞ்சினான்.

"வண்டியையே கேளுங்க தம்பி," என்று கதவைச் சாத்தினாள்.

அவன் வண்டியை வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் முழுக்கப் பிரித்துப் பார்த்தான். சுத்தமாக இருக்கிறது என்றார் மெக்கானிக். அவனால் நம்ப முடியவில்லை. அடுத்த ஞாயிறு ஏறினான், பாதிச் சுற்றில் இறங்கிவிட்டான். கடைசியில் வண்டியை விற்றான். அவனை இப்போது யாரும் சாம்பியன் என்று கூப்பிடுவதில்லை. 'பொடி' என்கிறார்கள். அந்தப் பெயரை யார் ஆரம்பித்தது என்று குண்டூசிக்குத் தெரியும், சொல்லமாட்டாள்.

மழை விட்ட ஒரு காலையில் அவள் பால்கனியில் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். கணவர் காபித் தம்ளரோடு வந்து கதவோரம் நின்றார்.

"சும்மா கேக்கறேன்," என்றார். "அன்னைக்கு நீ அவன் வண்டில ஏதாவது போட்டியா?"

"யாருக்காகக் கேக்கறீங்க? உங்க தம்பிக்காகவா, உங்களுக்காகவா?"

அவர் யோசித்தார். "எனக்காகத்தான்."

"அப்ப நீங்களும் கொஞ்ச நாளைக்கு யோசிச்சுக்கிட்டே இருங்க," என்றாள் அவள், பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டபடி.